இத்தா வீட்டுப் பூனையின் கண்

போன மாதம் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்திருந்தேன். கைபேசி அடித்தது. நான் வேலை செய்து ஓய்வு பெற்ற கால்நடை வைத்தியக் கந்தோரில் இப்போது என் இடத்தில் இருப்பவர் பேசினார். யாரோ கொண்டு வந்த பூனையின் கண்ணுக்குள் வெள்ளைப் புழு தெரிகிறதாம். இந்தக் காலத்தில் கழுத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு விட்டால் போதும் என்கிற மருந்தெல்லாம் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் புழு கண்முன்னால் நெளியும்போது அதை எடுத்துவிடத்தான் டொக்டர் விரும்புகிறாராம். "நானா, நீங்க இதுக்கு முந்திச் செய்திருக்கீங்களாமே. பூனைய எப்பிடிப் பிடிச்சீங்க?" என்று கேட்டார். மூத்த ஆண்களை நானா என்பது எங்கள் வழக்கம்.

பூனையைச் சுற்றுகிற துவாயை எப்படி விரிப்பது, எந்தப் பக்கத்தை முதலில் மடிப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கைபேசியை வைத்த பிறகுதான் மனம் உறுத்தியது. அவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அதுவல்ல. அன்று புழு எடுத்த பூனையை நான் பிடிக்கவே இல்லை. ஒரு விரல் கூட வைக்கவில்லை. அதன் ஒரு கண் கெட்டுப்போனதற்கு மட்டும் நான் காரணமாக இருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தால், அந்தக் கந்தோரில் வேலை செய்கிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு முகாமுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். பத்தாம் வகுப்புப் படித்திருந்தேன். முகாமிலிருந்து உப்பளத்துக்குப் போனேன், கட்டட வேலைக்குப் போனேன், பிறகு இந்தக் கந்தோரில் நாட்கூலியாகச் சேர்ந்து அப்படியே நிரந்தரமானேன். மாட்டைப் பிடிப்பது, ஊசி அவிப்பது, மருந்துப் போத்தல்களை அலுமாரியில் அடுக்குவது, மேசை கழுவுவது, இவைதான் என் வேலை. முதல் இரண்டு வருஷமும் உதை வாங்கித்தான் படித்தேன். முன்பல் ஒன்று ஒரு ஆட்டுக்கடாவுக்குப் போனது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

என்னை உருவாக்கியவர் பிறகு வந்த டொக்டர். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. நாங்கள் மிஸ் என்போம். மெலிந்த ஆள், சத்தம் போட்டு ஒரு நாளும் பேசியதில்லை. மேசைக்கு வருமுன் கைவளையலைக் கழற்றி மேலங்கிப் பையில் போடுவார். கையைக் கழுவி, துடைக்காமல் காற்றில் உலர விடுவார். பிறகு புறங்கையை மிருகத்தின் மூக்குக்கு முன்னால் நீட்டி, அது மணந்து முடிக்கும் வரை நிற்பார். வெளியில் இருபது பேர் காத்திருந்தாலும் நிற்பார். "அவங்களுக்கும் நாங்க யார் எண்டு தெரியணும், நானா" என்பார். அவருக்குத் தமிழ் வரும், ஆனால் மிருகங்களை 'அவங்க' என்றுதான் சொல்ல வரும். சிலர் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இன்னொரு பழக்கம். எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் நான் உதட்டுக்குள், அல்லாஹ்வின் பெயரால் என்று, பிஸ்மி சொல்வதை அவர் கவனித்திருக்கிறார். ஒரு நாள் அவசரத்தில் நான் மறந்துவிட்டேன். அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். "என்ன மிஸ்?" என்றேன். "நீங்க இன்னும் சொல்லல்லையே" என்றார். அதற்குப் பிறகு நான் மறந்ததே இல்லை.

கண் புழுவை முதன்முதலில் காட்டியவரும் அவர்தான். குறிஞ்சிப்பிட்டியில் ஒரு பசுவுக்குக் கண்ணீர் வடிந்துகொண்டே இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். கண்ணின் உள்மூலையில் இன்னொரு இமை இருக்கிறது, மிருகங்களுக்கு மட்டும். அதை மெல்ல உயர்த்தி, "பாருங்க" என்றார். வெள்ளை நூல் போல ஒன்று. நூல் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது வளைந்தது. கண்ணீர் குடிக்க வருகிற ஈ ஒன்று இருக்கிறதாம். ஒரு கண்ணில் குடிக்கும்போது புழுக்குஞ்சையும் குடித்துவிடும், பிறகு அடுத்த கண்ணில் கொண்டுபோய் விட்டுவிடும். வரும் வழியெல்லாம் நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கண்ணீரிலும் ஒரு படைப்புக்கு ரிஸ்க்கை, அதன் உணவை, வைத்திருக்கிறான் படைத்த ரப்பு. இதை நான் இங்கே சொல்லக் காரணம், எனக்கு இந்த நோய் தெரிந்திருந்தது என்பதற்காகத்தான். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

தில்லையடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இஸ்மாயில் நானா இருந்தார். முகாம் காலத்திலிருந்தே பழக்கம். கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓட்டினார். ஒரு நாள் திரும்பி வந்து வெறும் மீன் பெட்டிகளைக் கழுவும்போது ஒன்றுக்குள் பூனைக்குட்டி கிடந்ததாம். அதனால் அதற்குப் பெட்டியன் என்று பெயர். சாம்பல் நிறம், பெரிய தலை, கோபக்காரன். இஸ்மாயில் நானாவையும் அவர் மனைவி ரஹீமா ராத்தாவையும் தவிர வேறு யார் தொட்டாலும் பிறாண்டும். லொறிச் சத்தம் கேட்டால் வாசல் படலைக்கு ஓடும். "பெட்டியா, லொறி வந்திட்டு, வா" என்று அவர் கூப்பிடுவது எங்கள் ஒழுங்கைக்கும் கேட்கும்.

அவர் நெஞ்சு நோவென்று படுத்தவர், ஒரே நாளில் மவுத்தாகிப்போனார். மூன்றாம் நாள் நான் போனேன். ஆண்கள் முன்னறையில் இருந்தோம். பெட்டியன் அவருடைய கதிரையில் படுத்துக் கிடந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வடிந்து கன்னத்து மயிர் ஒட்டிப்போய் இருந்தது. "அதுவும் அழுகுது பாருங்க" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், மிருக வேலை தெரிந்தவன் என்று. "சுப்ஹானல்லாஹ், வாயில்லாச் சீவனுக்கும் தெரியுது. அது அழத்தான் செய்யும்" என்றேன். பூனை பக்கத்தில்தான் கிடந்தது. குனிந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. நான் பார்க்கவில்லை. துஆக் கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

நாற்பதாம் நாள் ஓதுகிற கத்தமும் முடிந்து ஒரு வாரம் இருக்கும், அவர்களுடைய மகள் நஸ்ரின் கந்தோருக்கு வந்தாள். பூனையைக் கொண்டு வர முடியவில்லை என்று இரண்டு கையிலும் பிறாண்டலைக் காட்டினாள். கைபேசியில் படம் எடுத்து வந்திருந்தாள். இடது கண்ணில் பால் ஊற்றினது போல வெள்ளை. வலது கண் சிவந்து பாதி மூடியிருந்தது. கண்ணைச் சுற்றிலும் கருப்பாக ஏதோ பூசியிருந்தது.

"இதென்ன கருப்பு?" என்றேன்.

"வாப்பாட சுருமா, மாமா. கண்ணுக்கு ஷிபா, குணமாகும் எண்டு உம்மாதான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போட்டு விடுறா. வாப்பா போட்டுக்கொள்ற மாதிரி."

"ஏன் புள்ள இவ்வளவு நாள் வரல்ல?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நான் முதல் வாரமே கொண்டு வரத்தான் இரிந்தன். உம்மாதான், அது வாப்பாவுக்காக அழுகுது, கால்நடைக் கந்தோர்ல வேலை செய்ற ஆளே வந்து சொல்லிட்டுப் போனார், விடு எண்டா."

அவள் கைபேசியை வாங்கிக்கொண்டு மிஸ்ஸிடம் போனேன்.

மிஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இடது கண்ணில் புண் ஆறித் தழும்பாகிவிட்டது, அதில் இனிப் பார்வை பெரிதாக இருக்காது என்றார். வலது கண்ணை உடனே பார்க்காவிட்டால் அதுவும் அதே வழியில் போகும், பிறகு பூனை குருடு. சாடையாக ஏதோ நூல் தெரிகிறது என்றும் சொன்னார். மயக்க மருந்து கொடுக்க அவருக்கு விருப்பமில்லை. பூனைக்கு வயது பதினொன்று, தின்பதும் குறைந்துவிட்டது, எழும்பாமலே போய்விடலாம் என்று பயந்தார். அப்படியானால் விழிப்பாக இருக்கும்போதே யாராவது அசையாமல் பிடிக்க வேண்டும்.

பிடிக்கக் கூடியவர் ஒருவர்தான். ரஹீமா ராத்தா இத்தாவில் இருந்தார். கணவன் மவுத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்களுக்கு முன்னால் வராமல் இருப்பது எங்கள் வழக்கம். நான் பள்ளிவாசல் ஹஸரத்திடம் போய்க் கேட்டேன். தேவைக்கு மார்க்கத்தில் இடமுண்டு, ஒரு உயிரின் கண்ணுக்காகத்தானே, பேணுதலோடு செய்யலாம் என்றார். நஸ்ரின் அதைத் தாயிடம் போய்ச் சொன்னாள். ராத்தா கேட்டுவிட்டு, ஹஸரத் சொன்னது சரிதான், ஆனால் தனக்கு மனம் வரவில்லை, அவருக்காக இருக்கிற இருப்பை முழுசாக இருந்து முடிக்க வேண்டும் என்றாராம். பூனையின் கண்ணும் வேண்டும், இத்தாவும் வேண்டும்.

நான் தயங்கித் தயங்கி மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார். "நான் பொம்பிளைதானே. நான் உள்ளுக்குப் போறன். நீங்க வெளிய இருங்க. எப்பிடிப் பிடிக்கிற எண்டு அவங்களுக்கு நீங்க சொல்லிக் குடுங்க. என்ட தமிழுக்கு அவங்க பூனைய விட்டுட்டு என்னைப் பிடிப்பாங்க" என்றார்.

அப்படித்தான் செய்தோம். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு வெளிச்சம் நன்றாக இருக்கும்போது போனோம். ராத்தாவின் அறை வாசலில் தடித்த திரை தொங்கியது. உள்ளே ராத்தாவும் மிஸ்ஸும், டோர்ச் பிடிக்க நஸ்ரினும். வெளியே ஒரு ஸ்டூலில் நான். உப்புநீரைக் குளிராக ஊற்றினால் பூனை துள்ளும் என்று, போத்தலை வழியெல்லாம் என் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்திருந்தேன். அதைத் திரைக்குக் கீழால் நீட்டினேன். ஊசி இல்லாத சிரிஞ், முனை மழுங்கிய சின்ன இடுக்கி, ஈரப் பஞ்சு, கண்ணை மரத்துப்போக வைக்கிற சொட்டு மருந்து, எல்லாம் ஒவ்வொன்றாக அதே வழியில் உள்ளே போயின.

"ராத்தா, துவாயை மெத்தையில விரிங்க. பெட்டியனை நடுவில, முகம் மிஸ்ஸைப் பார்க்க வைங்க" என்று தொடங்கினேன். "வலப்பக்கத்துத் துணிய கழுத்துக்கு மேலால கொண்டு வந்து கீழ செருகுங்க. முன்னங்கால் ரெண்டும் உள்ளுக்கு இரிக்கா? இனி இடப்பக்கம். நெருக்குங்க, ஆனா நெஞ்சை நசிக்காதீங்க. உங்கட முழங்கையால அதுட முதுகை உங்கட வயித்தோட அணைங்க. இனி தாடைக்குக் கீழ ரெண்டு விரல்."

சொல்லும்போது என் கைகள் தாமாகவே அந்தரத்தில் ஒரு பூனையைப் பிடித்துக்கொண்டிருந்தன. திரைக்கு அந்தப் பக்கம் உறுமல் கேட்டது. பிறகு மிஸ்ஸின் குரல்: "நானா, சொல்லிட்டீங்களா?" பிஸ்மியைத்தான் கேட்டார். நான் சொல்லுமுன் உள்ளே ராத்தா சொல்வது கேட்டது.

சொட்டு மருந்து விட்டு, கொஞ்சம் பொறுத்து, இடது கண்ணைக் கழுவினார்கள். கழுவின தண்ணீர் கருப்பாக வந்தது என்று பிறகு நஸ்ரின் சொன்னாள். சுருமா முழுக்கக் கரைந்து வந்த பிறகுதான் வெள்ளை நூல்கள் தெரிந்தன. அந்தக் கண்ணில் நாலு. மிஸ் ஒவ்வொன்றையும் எடுத்துக் கோப்பைத் தட்டில் விடும்போது எண்ணிச் சொன்னார், எனக்குக் கேட்க வேண்டும் என்று. சுருமாவைப் பற்றிக் குறை சொல்லவில்லை. இனிப் போட வேண்டாம், அவ்வளவுதான்.

வலது கண்ணில் இரண்டு வந்தது. மூன்றாவது அந்த உள் இமைக்குக் கீழே போய் ஒளித்துக்கொண்டது. பூனைக்கும் பொறுமை போய்விட்டது. திமிறுகிற சத்தம், நஸ்ரின் பின்வாங்கி அலுமாரியில் இடிபட்ட சத்தம். மிஸ்ஸின் குரல் முதல் தடவையாக இறுகியது. "நானா, இப்ப அசைஞ்சா இடுக்கி கண்ணில குத்தும். விட்டா, புழு உள்ளுக்கு இருக்கு, மறுபடி இண்டைக்கு அவங்க பிடிக்க விட மாட்டாங்க. ஏதாவது சொல்லுங்க."

என்ன சொல்வது? இத்தனை வருஷம் கையால் செய்த வேலை. கையில்லாமல் என்ன செய்வது? யா அல்லாஹ் என்று கண்ணை மூடினேன். அப்போது ஒன்று தோன்றியது.

"ராத்தா, இஸ்மாயில் நானா அதை எப்பிடிக் கூப்பிடுவார்? அப்பிடிக் கூப்பிடுங்க."

உள்ளே உறுமல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ராத்தா கூப்பிட்டார். அவருடைய குரல் இல்லை அது. இஸ்மாயில் நானா ஒழுங்கை முனையிலிருந்து கூப்பிடுகிற அதே இழுப்பு, அதே ஏற்றம்.

"பெட்டியா... லொறி வந்திட்டு, வா."

உறுமல் நின்றது. அல்லாஹ் மீது சத்தியமாக, அந்த ஒழுங்கையே நின்றுபோனது போல இருந்தது எனக்கு. தட்டில் இடுக்கி மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏழு" என்றார் மிஸ்.

கருப்புக் கடதாசி ஒன்றை விரித்து அதன்மேல் தட்டை வைத்து ராத்தாவுக்குக் காட்டினார்கள். ஏழும் இன்னும் நெளிந்துகொண்டிருந்தனவாம். ராத்தா வெகு நேரம் பார்த்தார். பிறகு திரைப் பக்கம் குரல் வந்தது.

"தம்பி, அப்ப இது அழல்லயா?"

நான் அதை மிஸ்ஸிடம் சிங்களத்தில் கேட்டேன். தனக்குத் தெரியாததைச் சொல்லாத மனுஷி அவர். புழுதான் கண்ணீருக்குக் காரணம், அது நிச்சயம். பூனை கவலைப்பட்டதா இல்லையா என்று தனக்குத் தெரியாது என்றார். நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

"எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்ல, தம்பி" என்றார் ராத்தா. "ஜனாஸா எடுக்கிற நேரமும் வரல்ல. எல்லாரும் பார்த்தாங்க. கல்லு மாதிரி இரிந்தன். இதுட கண்ணைத் துடைச்சுத் துடைச்சு, எனக்கும் சேர்த்து இது அழுகுது எண்டு நினைச்சன்."

அதற்குப் பிறகு அழுகை மட்டும் கேட்டது. நாற்பத்தேழு நாள் வராத அழுகை. மிஸ் வெளியே வரவில்லை. அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை இருந்தார்.

வாகனத்தில் திரும்பும்போது, மூன்றாம் நாள் நான் சொன்ன வார்த்தையை மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி, "பார்க்காம சொன்னீங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவங்களுக்கும் சொல்லிடுங்க, நானா" என்றார். அந்த ஏழில் ஒன்றைப் போத்தலில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். மாட்டுக்கு வருகிற சாதிதானா, வேறா என்று பார்க்க. என்ன பதில் வந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

அடுத்த நாள் போய்த் திரைக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். "ராத்தா, அண்டைக்கு நான் குனிஞ்சு பார்த்திருந்தா இடது கண்ணும் தப்பியிருக்கும். என்ட பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க." உள்ளிருந்து பதில் வரவில்லை. மருந்து எத்தனை வேளை என்று மட்டும் நஸ்ரின் வந்து கேட்டாள். இத்தா முடியும் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்க் கண் எப்படி என்று கேட்டேன். குறையுது, சிவப்பு இல்லை, மீன் தின்னுது என்று பதில் வரும். நான் கேட்டதற்குப் பதில் வராது.

எனக்குத் தூக்கம் குறைந்தது. மனுஷரிடம் மன்னிப்புக் கேட்கலாம். அவர் தரலாம், தராமலும் விடலாம். மறுமையில் கொம்பில்லாத ஆட்டுக்கும் கொம்புள்ள ஆட்டிடமிருந்து நீதி வாங்கிக் கொடுக்கிறவன் அல்லாஹ். இந்தப் பூனை அங்கே வந்து, இவன் பார்க்காமல் போனான் என்று சொன்னால் நான் என்ன சொல்வேன்? வாயில்லாததிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

இத்தா முடிந்த அடுத்த நாள் காலை. கந்தோர் திறந்து கொஞ்ச நேரம்தான். கருப்பு அபாயாவும் முகத்திரையும் போட்ட ஒருவர், கையில் மூடிய கூடையோடு முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கினார். குரலைக் கேட்டுத்தான் ராத்தா என்று தெரிந்தது. நாலு மாதமும் பத்து நாளும் கழித்து வீட்டை விட்டு வெளியே வந்தவர் முதலில் வந்த இடம் எங்கள் கந்தோர்.

மிஸ் புறங்கையை நீட்டினார், பெட்டியன் மணந்தது. டோர்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார். உள் இமையை உயர்த்திப் பார்த்தார். "வலது கண் நல்லா இருக்கு. ஒண்டும் இல்ல. இடது கண்ல இந்த வெள்ளை இருக்கும். அவங்க ஒரு கண்ணால சமாளிப்பாங்க."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ராத்தா முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தார்.

"தம்பி, அண்டைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லாம விட்டது கோவத்தில இல்ல. பிழை எனக்கும் இரிக்கு. அழுகுது எண்டு நீங்க சொன்னது எனக்குத் தேவையா இரிந்திச்சு. அதால நானும் பார்க்கல்ல. என்ட பக்கம் நான் எப்பவோ மன்னிச்சிட்டன்."

அவர் கூடையிலிருந்து பெட்டியனைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

"இதுட பக்கத்தை நீங்களே கேட்டுக்கொள்ளுங்க."

நான் புறங்கையை நீட்டி அது மணக்கும் வரை பொறுத்தேன். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, தாடைக்குக் கீழே விரல் வைத்து, அந்த வெள்ளைக் கண்ணை முதல் தடவையாகக் குனிந்து பார்த்தேன். பெட்டியன் நல்ல கண்ணால் என்னை ஒரு தரம் பார்த்தது. பார்த்துவிட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நகத்தால் மூன்று கோடு இழுத்தது. இரத்தம் வந்தது. மிஸ் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் பூனையைக் கீழே விடவில்லை. இன்னும் இழுக்கட்டும் என்று கையை அப்படியே வைத்திருந்தேன்.